தார் ரோட்டில் காயும் நெல்

"தாருன்னு சொல்லிட்டு காப்பித் தண்ணியத் தெளிக்கிறாங்கடி."

வேலைக்குப் போகிற பஸ்ஸில் முன் இருக்கை அம்மாள் ஜன்னல் வழியே எங்கள் ரோட்டைப் பார்த்துவிட்டுப் பக்கத்துப் பெண்ணிடம் சொன்னது இது. தெளிக்கச் சொன்ன நான் பின்னாலேயே உட்கார்ந்திருப்பது அவருக்குத் தெரியாது.

ரோடு வேலை ஊரே பார்க்க நடக்கிற வேலை. ஊருக்கே அதில் ஒரு கருத்து உண்டு. பழைய ரோட்டின் மேல் புதுத் தார் ஜல்லிக் கலவை ஒட்டிப் பிடிப்பதற்காக முதலில் மெல்லிசாகத் தெளிக்கும் தாருக்கு டேக் கோட் என்று பெயர். தெளிக்கும்போது காப்பி நிறம்தான். தண்ணீர் பிரிந்து அது கறுத்த பிறகே மேலே கலவை கொட்டலாம். அதுவரை யாரும் மிதிக்கக் கூடாது. அந்த 'அதுவரை'யில்தான் எங்களைப் போன்றவர்களின் உயிர் போகிறது.

திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரு கிராமத்து ரோட்டில் நான் கான்ட்ராக்டரின் இன்ஜினியராக இருந்தபோது நடந்தவை இவை.

விடுபட்ட கோடு

ஸ்பிரே குழாயில் ஒரு துளை அடைத்துக்கொண்டாலும் ரோட்டில் நீளமாக ஒரு கோடு விடுபட்டுப் போகும். அந்த இடம் ஒட்டாது, மழைக்கு உரிந்து வந்துவிடும். மேஸ்திரி பக்கிரிசாமி விடுபட்ட இடத்தில் வாளியால் ஊற்றிச் சரிக்கட்டப் பார்த்தார். தேங்கினால் மேல் ரோடு வழுக்கி நகரும் என்றேன். என் குரல் இன்ஜின் சத்தத்தைத் தாண்டவில்லை. வேறு வழியில்லாமல் போய் வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். துளையைக் கழுவி மாட்டி, ஒரே சீராகத் தெளித்து முடித்த பிறகு அவர் கேட்டார்: "வாயத் தொறந்து சொன்னா முத்தா உதிந்துரும், இன்ஜினியரம்மா?"

காற்று

காற்றுக்கு முதுகைக் காட்டித்தான் தெளிக்க வேண்டும். கண்ணாடி, கையுறை, முழுக்கைச் சட்டை எல்லாம் வேலையாட்களுக்குக் கொடுத்துவிடலாம். வேடிக்கை பார்க்க வருகிறவர்களை என்ன செய்வது? ஆளும் கட்சிக்காரர் ஒருவர் கட்சிக் கரை போட்ட வேட்டியோடு வந்தார். தள்ளி நிற்கச் சொன்னோம். "நம்ம ஆட்சியில போடுற ரோடும்மா" என்று இன்னும் கிட்டே வந்தார். காற்று திரும்பியது. வேட்டியெல்லாம் காப்பிப் புள்ளி. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அத்தனையும் கறுத்து, கரையின் நிறமே தெரியாமல் போனது. கோபப்படுவார் என்று பயந்தேன். வேட்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இனிமே எந்தக் கட்சி மேடையில வேணாலும் ஏறலாம் போலருக்கு."

பாதி ரோடு நெல்

மறுநாள் காலையில், அன்று தெளிக்க வேண்டிய இடத்தில் பாதி அகலத்துக்குக் குறுவை நெல் கிடந்தது. சவரியம்மாளுடையது. ஈரம் அதிகம் என்று கொள்முதல் நிலையத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கிழக்கே மழை கட்டிக்கொண்டிருந்தது. அன்றைக்குக் காயாவிட்டால் சாக்கிலேயே முளைத்துவிடும்.

ஊரில் சிமென்ட் களம் இல்லாமல் இல்லை. ரோடு முடிகிற இடத்தில், பெரிய வீட்டுக் காம்பவுண்டுக்குள் இருக்கிறது. சவரியம்மாளின் வயல் முன்பு அந்த வீட்டுக்குச் சொந்தமாக இருந்தது. நில உச்சவரம்புச் சட்டத்தில் பிரித்துக் கொடுத்த நாளிலிருந்து சவரியம்மாளின் தெருவுக்கு அந்தக் களம் கிடையாது.

"லாரி கெளம்பிடுச்சு, கூட்டி ஓரமாத் தள்ளிடுவோம்" என்றார் மேஸ்திரி.

"எங்க தள்ளுவ? உன் தலையிலயா?" என்றார் சவரியம்மாள், நெல்லைக் காலால் கிளறிக்கொண்டே.

மறு கோடியில், பெரிய வீட்டு வாசலில் ஆரம்பித்து இந்தப் பக்கம் வரலாம் என்றேன். லாரி புது ரோட்டின் மேல் ஓட வேண்டாம். நெல்லுக்கும் மத்தியானம்வரை வெயில் கிடைக்கும். இந்தத் தடவை சத்தமாகவே சொன்னேன். மேஸ்திரி தலையைச் சொறிந்தார்: "அந்த ஐயா வெளிய வர முடியாதேம்மா. அவருகிட்ட யாரு சொல்றது?"

பெரிய வீட்டு வாசல்

நான்தான் போய்ச் சொன்னேன். அவர் ரோட்டையும் தூரத்து நெல்லையும் மாறி மாறிப் பார்த்தார். "அவங்க நெல்லு காயணும்னு என் வாசல்லயா ஆரம்பிக்கிறீங்க?"

"ஆமாங்க" என்றேன். திரும்பி, வாசலிலிருந்தே தெளிக்கச் சொல்லி மேஸ்திரிக்குக் கையைக் காட்டினேன்.

மத்தியானம் சவரியம்மாள் ஒரு நெல்லைப் பல்லில் வைத்துக் கடித்தார். டக்கென்று உடைந்தது. வீட்டார் எல்லோரும் சேர்ந்து சாக்கில் அள்ளினார்கள். "இனிமே உங்க ரோடும்மா" என்று சொல்லிவிட்டுப் போக சவரியம்மாள் பெரிய வீட்டு வாசலில் இருந்த எங்களிடம் வந்தபோது, பெரிய வீட்டு ஐயா பட்டுக்கரை வேட்டியில் கேட்டருகே நின்றிருந்தார். கல்யாணத்துக்குப் போக வேண்டுமாம். வாசலில் கொட்டிய கலவையில் ஆவி பறந்தது. அதற்கப்பால் தெளித்திருந்த தார் இன்னும் கறுக்கவில்லை.

"ஐயா, அதுல கால வைக்காதீங்க, ஒட்டிக்கும்" என்றார் சவரியம்மாள். கேட்டை ஒட்டி ஆரம்பிக்கிற தன் வயலைக் காட்டினார். "எங்க வரப்புல எறங்கிப் போங்க. நேரா பஸ்ஸுக்குப் போயிரலாம்."

வரப்பு சேறாகக் கிடந்தது. ஐயா வேட்டியை மடித்துக் கட்டி, செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, சவரியம்மாளின் வரப்பில் இறங்கி நடந்தார்.