பெரியப்பாவின் ஞாயிற்றுக்கிழமை கிளாஸ்

பிள்ளைகளே, உங்கள் பெரியப்பா, என் அண்ணன், நம்மைப் பிரிந்து ஓராண்டு ஆகிறது. அவரைப் பற்றி நான்தான் எழுதவேண்டும் என்று உறவினர்கள் சொல்லிவிட்டார்கள். பத்தாவதோடு நின்றவன் நான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெரியப்பா மரக்காணத்தில் பிறந்தார். சிறு வயதிலேயே தந்தையை இழந்து, உப்பளத்தில் உப்பு வாரி என்னைப் பள்ளிக்கு அனுப்பினார். உப்புத் தண்ணீரில் கால் வெடித்துப் புண்ணான பிறகு, புதுச்சேரியில் ஓட்டல் சமையல் கற்றுக்கொண்டு இங்கிலாந்து போனார். திருமணம் செய்துகொள்ளவில்லை. அங்கே ஒரு சிற்றூரில் 'பப்' ஒன்றில் சமையல்காரராக இருந்தார். பப் என்றால் குடிக்கிற கடை. ஊரில் கேட்டவர்களிடம் ஓட்டல் என்றே சொல்லிவந்தேன்.

கள்ளச்சாராயத்துக்கு ஆட்களைப் பறிகொடுத்த கடற்கரை நம்முடையது. அதனால் எனக்கு எப்போதும் சந்தேகம். போனில் அவர் குரல் கொஞ்சம் இழுத்தாலும் சந்தேகம். கடைசியாக அவர் வந்தபோது, பஸ் நிறுத்தத்தில் கட்டிப்பிடிக்கிற சாக்கில் வாயை மோந்து பார்த்தேன். கண்டுபிடித்துவிட்டார்.

"ஏம்பா, மோந்து பாக்கறியா? நல்லா பாரு. வழியில துன்ன மசால்வடைதான் வரும்" என்று சிரித்தார். "அங்க வந்து பாருடா. கிழவன் கிழவி, புள்ளக்குட்டி எல்லாம் வர்ற எடம். வூட்ல பேச ஆளில்லாதவன் பேசறதுக்கு வர்றான்."

"பேசறதுக்கு எதுக்குண்ணா சாராயக்கடை?" என்றேன்.

சென்ற ஆண்டு ஒருநாள் காலை அவர் வேலைக்கு வரவில்லை. அரை மணி நேரத்தில் கடைக்கார அம்மாள் அவர் அறைக்கே போய்க் கதவைத் தட்டி, திறக்காததால் பூட்டை உடைத்து, மருத்துவமனையில் சேர்த்தார். மூன்று நாளும், கடைக்கு வருகிறவர்கள் முறைபோட்டு அவர் அருகில் உட்கார்ந்திருந்தார்கள். நான்காம் நாள் பெரியப்பா காலமானார். தகனமும் அவர்களே செய்தார்கள். அதற்கும் சந்தேகப்பட்டேன். குடி விற்கிறவர்களுக்கு ஏன் இந்த அக்கறை? எதை மறைக்கிறார்கள்?

அஸ்தி வந்து கடலில் கரைத்தோம். கருமாதியன்று, இறந்தவர் விரும்பியதைப் படையலில் வைப்பது நம் வழக்கம் அல்லவா? உங்கள் தாய்மாமன் ஒரு குவார்ட்டர் பாட்டிலோடு வந்து நின்றார்.

"குடிக்கற கடையிலயே இருந்தவரு மச்சான். வெக்கலன்னா கோச்சிப்பாரு."

வைத்தால், என் அண்ணன் குடிகாரர் என்று நானே ஊருக்குச் சொன்னதாகும். வைக்காவிட்டால், ஒருவேளை பொய்யான படையல் ஆகிவிடும். அங்கே அவரோடு சமையலறையில் வேலை பார்த்த இலங்கைத் தமிழருக்குப் போன் போட்டு, உண்மையைச் சொல்லுங்கள் என்றேன்.

"பொய் சொல்லமாட்டன் அண்ணை. ஞாயிறு மத்தியானம் ஒரு சின்னக் கிளாஸ் பியர். மனிசி செத்துப்போன கிழவர் ஒருத்தர் வாறவர். தனிய இருந்தால் சாப்பிடமாட்டார். உங்கட அண்ணை அவருக்கு எதிரில போய் இருப்பார். கிளாசில பாதியும் குடிக்கிறேல்லை."

"கடைக்காரங்களுக்கு இதுல இன்னா லாபம்?"

"என்ன லாபம்? ஒரு ஆள் வராட்டி ஏன் வரேல்லை எண்டு தேட, அங்கை வேற ஆர் இருக்கினம்?"

குவார்ட்டரைத் திருப்பிக் கொடுத்தேன். பியர் வாங்கிவரச் சொல்லி, அரை டம்ளர் மட்டும் ஊற்றி, மீன் குழம்புச் சோற்றோடு படத்துக்கு முன் வைத்தேன். எதிரே இன்னொரு இலை போட்டு உட்கார்ந்தேன்.

"காக்காவுக்கு வெக்கறதுக்கு முன்னாடி குந்தி துன்றியே, இன்னா மச்சான் இது?" என்றார் உங்கள் மாமன். நான் எழுந்திருக்கவில்லை.

குடிக்கிற இடத்தை இப்போதும் நான் நம்பவில்லை. நீங்களும் நம்பவேண்டாம். ஆனால் துக்கத்தில் துணைநின்ற உறவினர்களுக்கும் உப்பளத்துத் தோழர்களுக்கும் நன்றி சொல்லும்போது, கதவைத் தட்டிய அந்த அம்மாளை விட்டுவிட முடியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தக் கிழவருக்கு எதிரே இப்போது அவர்தான் உட்காருகிறாராம். சந்தேகப்பட்டு அந்த இலங்கைத் தமிழரிடம் இரண்டு முறை கேட்டேன். உண்மைதானாம்.