சுயராச்சியக்காரர் வீடு

திருக்கோகர்ணத்தில் எங்கள் வீட்டுக் கதவு எண்ணைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. ‘சுயராச்சியக்காரர் வீடு’ என்றால் ஆட்டோக்காரர் நேரே வாசலில் கொண்டுவந்து விடுவார். நம்மை நாமே ஆள வேண்டும் என்று கேட்டவர்களுக்கு அந்தக் காலத்தில் அதுதான் பெயர். ராஜா ஆண்ட எங்கள் சமஸ்தானத்தில் அந்தச் சொல்லைக் குரலைத் தாழ்த்தித்தான் சொல்வார்களாம். அந்தச் சுயராச்சியக்காரர் எங்கள் தாத்தாதான் என்று ஐம்பது வருஷமாக நான் பீற்றிக்கொண்டதற்கு அளவே இல்லை.

போன வருஷம் வீட்டை இடித்துக் கட்டினேன். அந்தப் பெயரையே கருங்கல்லில் பொறிக்க ஆர்டர் கொடுத்துவிட்டு வந்து, எங்களோடு இருக்கும் அத்தையிடம் சொன்னேன். அத்தை அப்பாவுக்கு மூத்தவள், தொண்ணூறை நெருங்குகிறாள். சாப்பிட்டுக்கொண்டிருந்த கையை உதறினாள்.

“வாசல்ல அதை வைக்காதப்பா. அது எங்க அப்பா பேரு இல்ல.”

“பின்னே யாரு பேரு?”

“வெள்ளைக்காரன் தேடுறான்னு திருச்சிப் பக்கத்துலேருந்து ஒருத்தரு ஓடியாந்தாரு. கீரனூர் வழியா நடந்தே வந்து, நம்ம மாட்டுக் கொட்டாயில ஒம்பது நாள் இருந்தாரு. பத்தாம் நாள் சமஸ்தானத்துப் போலீசு வந்து இழுத்துக்கிட்டுப் போச்சு. அப்பறம் அவரு என்ன ஆனாருன்னே தெரியல. அதுலேருந்துதான் ஊர்ல அப்புடிச் சொல்றாக.”

“யாரு காட்டிக் கொடுத்தது?”

அத்தை தட்டைத் தள்ளி வைத்தாள்.

“அப்பாதான். புள்ளைகளையும் தூக்கிட்டுப் போயிருவோம்னு மிரட்டுனாங்க. ஊர்ல யாரும் அந்தப் பேரைச் சொன்னா, சாப்பாட்டுல பாதியில எந்திரிச்சிருவாரு. ஒங்கிட்டச் சொல்லக் கூடாதுன்னு ஒங்கப்பன் சத்தியம் வாங்கியிருந்தான்.”

தாத்தா மீது கோபம் வந்தது. என் மீது அதைவிட அதிகமாக வந்தது. மாட்டுக் கொட்டகை இருந்த இடத்தில் இப்போது கார் நிற்கிறது. வண்டியைப் பின்னால் எடுக்கும்போதெல்லாம் அங்கே யாரோ எழுந்து சுவரோரமாக ஒதுங்குவதுபோல் இருக்கிறது. சொன்னால் சிரிப்பார்கள், ஆனாலும் இறங்கிப் பார்த்துவிட்டுத்தான் எடுக்கிறேன்.

மறுநாளே கல் வேலையை நிறுத்தச் சொன்னேன். ஒரு வாரம் கழித்துக் கல் வேலைக்காரர் போன் செய்தார். அந்தப் பெயர் வேண்டாமென்றால் வேறு என்ன பொறிப்பது என்று கேட்டார். வந்தவருடைய பெயரையே பொறித்துவிடலாம் என்று தோன்றியது. அந்த அளவுக்காவது செய்யலாமே என்று அத்தையிடம் போய் நின்றேன்.

“அவரு பேரு என்னத்தே?”

“அப்பா கேக்கவே இல்லையாம்ப்பா. பேரு தெரிஞ்சா, என்னைக்காவது வாய்தவறிச் சொல்லிருவோமோன்னு பயமாம்.”