காலியாக விட்ட உறவுக் கட்டம்

பங்சாரில் ஓர் அலுவலகத்தில், அமெரிக்கர்களின் பழைய கையெழுத்துப் பட்டியல்களைக் கணினியில் ஏற்றுவது என் வேலை. சேர்ந்து மூன்றாம் மாதம், வேலை நிரந்தரமாவதற்கு முன்பே, ஒரு காலாட்படை ரெஜிமென்ட்டின் பட்டியல்கள் என் மேசைக்கு வந்தன. அடிமை முறையை விடமாட்டோம் என்று பிரிந்துபோன தென்மாநிலங்களுக்காக உள்நாட்டுப் போரில் சண்டையிட்ட படை. அதன் கேப்டன் ஒருவரின் வம்சத்தில் வந்த அம்மையார், குடும்பப் புத்தகத்துக்காகப் பட்டியலைக் கேட்டிருந்தார்.

முதல் பட்டியல் தாள் கொள்ளாமல் இருந்தது. போகப்போக ‘அம்மையில் இறந்தான்’, ‘ஓடிப்போனான்’, ‘கைதானான்’ என்று மெலிந்துகொண்டே வந்தது. எல்லாப் பட்டியலிலும் ‘இருக்கிறான்’ என்றே பதிவானவர் ஒருவர்தான், சமையல்காரர். அவருக்கு ஒற்றைப் பெயர். பக்கத்தில் கேப்டனின் பெயர்.

நம் அடையாள அட்டையில் பெயருக்குப் பின்னால் அப்பா பெயர்தானே வரும்? அந்தப் பழக்கதோஷத்தில், உறவுக் கட்டத்தில் ‘கேப்டனின் மகன்’ என்று போட்டுவிட்டேன். வயதைக்கூடப் பார்க்கவில்லை.

அம்மையாரின் மின்னஞ்சல் சுடச்சுட வந்தது. அப்பாவைவிட மகனுக்கு வயது அதிகமா என்று கேட்டிருந்தார். அந்த ஆள் எங்கள் குடும்பத்து அடிமை, பட்டியல் வீரர்களுக்கு மட்டும், அந்த வரியையே எடுத்துவிடுங்கள் என்றும் எழுதியிருந்தார்.

முதலாவது எனக்கு வேண்டியதுதான். இரண்டாவதைப் படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. ஓடிப்போனவன் வீரனாம், கடைசிவரை ஆக்கிப் போட்டவருக்கு இடமில்லையாம். அவர் விசுவாசத்தால் இருந்தாரா, போகவிடாததால் இருந்தாரா என்று அந்த அம்மையார் ஒரு நிமிடம் யோசித்திருப்பாரா?

மேற்பார்வை பார்க்கும் அக்காவிடம் போனேன்.

“தப்பைத் திருத்திட்டேன் அக்கா. ஆளை ஏன் எடுக்கணும்?”

“கிளையன்ட் சொல்றாங்க, எடுத்துடு லா. ஒன் கன்ஃபர்மேஷன் லெட்டர் என் டேபிள்லதான் கெடக்கு.”

எடுத்தேன். பட்டியலில் கீழே இருந்தவர் அவருடைய வரிசை எண்ணுக்கு ஏறிக்கொண்டார். வெட்கமாக இருந்தது.

அம்மாவின் தாத்தாவை ஜப்பான்காரர்கள் கேரி தீவுத் தோட்டத்திலிருந்து சயாம் ரயில்பாதை போடப் பிடித்துப் போனார்கள். திரும்பவில்லை. எந்தப் பட்டியலிலும் அவர் பெயர் இல்லை; கடிதம் எழுதி எழுதி அம்மா அலுத்துப்போனார். இறந்த நாள் தெரியாததால், ஆடி அமாவாசைக்குப் பிரிக்பீல்ட்ஸ் கோயிலில் அவருக்கு மோட்ச தீபம் ஏற்றுவோம்.

இந்த வருடம் தீபத்துக்கான பெயர்ச் சீட்டை எழுதியது நான். தாத்தாவின் பெயருக்குக் கீழே சமையல்காரரின் பெயரையும் எழுதினேன். கவுண்டரில் இருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

“இவரு யாரும்மா? உறவுக் கட்டம் காலியா இருக்கே?”

இந்தத் தடவை எதையும் இட்டு நிரப்ப எனக்குத் துணிவில்லை.

“ஒறவு இல்ல அண்ணே. இவரு பேர அழிச்சது நான்தான்.”