அக்காவின் ஆய்வுக்குச் சாட்சி சொன்ன ஆடு

இன்று அக்காவோடு அரியலூரிலிருந்து பெரம்பலூருக்கு பஸ்ஸில் போனேன். தகவல் தொடர்பியலில் பிஎச்.டி. செய்கிறாள். வெங்காய விவசாயிகள் விலைச் செய்தியை யார் சொன்னால் நம்புகிறார்கள் என்பதுதான் ஆய்வு. அவளுடைய வழிகாட்டி சார் அவசரமாக வரச் சொல்லியிருந்தார். அவர் அறைக்குள் நுழைந்ததுமே ஆய்வேட்டைக் காட்டிக் கேட்டார்.

"விவசாயிங்க பதிலெல்லாம் ஏஐ எழுதினதுன்னு சாஃப்ட்வேர் சொல்லுதும்மா. செட்டிகுளத்துல எந்த விவசாயி 'இத்தகவலை ஐயத்துடன் அணுகுகிறேன்'னு பேசுவாரு?"

"அவர் 'எவன் நம்புவான் இத'ன்னுதான் சொன்னாரு சார். ஆய்வேட்டுல அப்படிப் போடக்கூடாதுன்னு நான்தான் நல்ல தமிழ்ல மாத்தினேன்."

"எல்லாரும் இப்படித்தான் சொல்றாங்க. நிரூபிக்கலன்னா முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்."

அக்கா போனில் பேட்டியின் ஒலிப்பதிவைப் போட்டாள். அந்தப் பேட்டிக்கு நானும் கூடப் போயிருந்தேன். சும்மா இருக்கவில்லை.

"வாட்ஸப்ல வந்தா எவன் நம்புவான் இத? மார்க்கெட்டுக்குப் போயிட்டு வந்தவன் சொல்லணும்."

பதிவில் அந்த விவசாயியின் குரலுக்குப் பின்னால் ஓர் ஆடு கத்தியது.

"ஏ தம்பி, நீ கத்தறதக் கேட்டு என் ஆடு கயித்த அத்துக்கிட்டு ஓடுது பாரு!"

சார் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஆடு நீதானா?"

"ஆமாங்க சார்."

"இந்தத் தொல்லைய எந்த ஏஐயும் கற்பனை பண்ணாதும்மா. அவங்க பேசின மாதிரியே எழுதிக் கொண்டா."

திரும்பும் பஸ்ஸில், நன்றியுரையில் என் பெயர் வருமா என்று கேட்டேன்.

"ஆய்வில் நேர்ந்த இடையூறுகள்னு ஒரு பகுதி இருக்குடா. அதுல வரும்."

ஆய்வைக் காப்பாற்றியவனுக்கு இதுதான் மரியாதையா? நீங்களே சொல்லுங்க மக்களே.