விழுந்துவிட்டதாகச் சொன்ன தாதி

எழுபது வயதில், ஓய்வுபெற்ற ஆசிரியனான நான், ஒரு தாதியின் முகத்தில் கைத்தடியால் அடித்தேன். மூச்சுத்திணறலோடு எங்கள் ஊரான லூபோக் சீனாவிலிருந்து மருத்துவமனைக்குக் கொண்டுவந்த என் மனைவிக்கு ஆக்சிஜன் வைத்துவிட்டு, லோரி மோதிய ஒருவனிடம் அவள் ஓடினாள். அதுதான் அவள் செய்த குற்றம். உதடு கிழிந்து சீருடையெல்லாம் ரத்தம். காவலாளி என் கழுத்தைப் பிடித்தார்.

"விடுங்கலா அண்ணே! உள்ள ஆன்ட்டிக்கு இவருதானே துணை," என்றாள் தாதி. என்னிடம், "அங்கிள், ஆன்ட்டிக்கு மூச்சு இருக்கு. அவருக்கு நின்னுபோச்சு. அதான் ஓடினேன்."

உதட்டில் பஞ்சோடு திரும்பிவந்து மனைவியைக் கவனித்தாள். மனைவி பிழைத்தாள்.

மறுவாரம் மன்னிப்புக் கேட்கப் போனேன். "அவ சிங்கப்பூர் போயிட்டா அங்கிள். அடி வாங்கவா படிச்சோம்?" என்றாள் இன்னொரு தாதி.

பரிசோதனைக்குப் போகும்போதெல்லாம் மனைவி அந்தத் தாதியைத் தேடுகிறாள்: "வழுக்கி விழுந்துட்டேன்னு சொன்னாளே, அந்த மிஸ்ஸி எங்கங்க?"

அவள் விழவில்லை என்று நான் இன்னும் சொல்லவில்லை.