சனிக்கிழமை மாத்திரை

புரட்டாசி சனிக்கிழமை, ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் போகும் பேருந்தில் என் பக்கத்தில் அந்த அம்மா உட்கார்ந்திருந்தார். நெற்றியில் நாமம். அடிக்கடி பிடரியை அழுத்திக்கொண்டார். பிரஷர் மாத்திரை போட்டாரா என்று ஆஸ்பத்திரி நர்ஸ் போனில் விசாரித்ததும், "போட்டுட்டேன் தாயி" என்றார்.

போனை வைத்துவிட்டு, சுருக்குப்பையிலிருந்த மாத்திரையை என்னிடம் காட்டினார். "தெனமும் போன் போட்டு கேக்காவ. சாப்பிட்ட பொறவு போடச் சொன்னாவ. இன்னைக்கு விரதம்லா. பட்டாளத்துல இருக்க மகனுக்காக."

"வெறும் வயித்துல போடலாமான்னு அவங்ககிட்டயே கேட்டிருக்கலாமேம்மா."

என் மடியில் தூங்கிய குழந்தையைப் பார்த்தார். "இவனுக்காக இருக்க விரதத்தை நீ முறிப்பியா ஏட்டி?"



வழியில் அவர் இறங்கும்போது இடது செருப்பு படியிலேயே கழன்றது. அது தெரியாமல் காலை இழுத்து நடந்தார். கூப்பிட்டேன், திரும்பவில்லை. பிரஷர் ஏறிக் கால் மரத்திருக்குமோ என்று நான் பதறுவதற்குள் பேருந்து நகர்ந்துவிட்டது.

மறுநாள் நர்ஸ் கூப்பிட்டபோது போனை யார் எடுத்தார்களோ.