ஓரகத்தியின் ஸ்கேனில் பெரிய எண்

சென்ற வருடம் எனக்குக் கல்லடைப்பு வலி என்று வயிற்றிலும், மாங்காட்டிலிருக்கும் என் ஓரகத்திக்குத் தலைவலி என்று தலையிலும் சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். ரிப்போர்ட்டில் 'டோஸ்' என்ற இடத்தில் அவளுக்குப் பெரிய எண். "எனக்குத்தான் நல்லா எடுத்துகீறாங்கக்கா" என்று அவள் பெருமையடிக்க, எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மறுநாளே குமணன்சாவடி ஸ்கேன் சென்டருக்குப் போய், "எனக்கும் அவ்ளோ வச்சு மறுபடி எடுங்க" என்று சண்டை பிடித்தேன்.

டாக்டரம்மா பதறிவிட்டார். "அது கதிர்வீச்சு அளவும்மா. படம் தெளிவா இருந்தா, கம்மியா இருக்கிறதுதான் நல்லது. தலைக்கு வழக்கமான அளவு வேற, வயித்துக்கு வேற. சும்மா எதுக்கு இன்னொரு தடவை?"

ரிப்போர்ட்டைச் சுருட்டிக்கொண்டு வீடு திரும்பினேன். இப்போதெல்லாம் யார் ஸ்கேன் எழுதினாலும் அவசியம்தானா என்று கேட்டு, முன்பு எடுத்ததையும் சொல்லிவிடுகிறேன்.

ஓரகத்தியிடமும் விளக்கினேன். "அப்போ ஒங்களுக்குத்தான் கம்மியாக்கா?" என்றவளின் முகம் வாடியது. அதைப் பார்த்த பிறகுதான் என் மனம் ஆறியது.